பட்டமளிப்பு கேக்கும் ஒரு முட்டைக் கதையும்

அமெரிக்காவில் மே, ஜூன் வந்தால் பட்டம் வாங்கும் பிள்ளைக்கு வீட்டிலேயே கேக் செய்து, மேலே பட்டமளிப்புத் தொப்பி வடிவம் வைப்பார்கள். உள்ளே இருப்பது பல வீடுகளில் கடையில் வாங்கிய கேக் மிக்ஸ்தான். அப்புறம் அது எப்படி வீட்டு கேக் ஆச்சு?

பிரபலமான கதை ஒண்ணு உண்டு. 1950களில் கேக் மிக்ஸ் விற்பனை தேங்கியதாம். உளவியலாளர் எர்னஸ்ட் டிக்டர், "இல்லத்தரசியே முட்டை உடைத்து ஊற்றட்டும்" என்று யோசனை சொன்னாராம். விற்பனை எகிறிச்சாம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பிட்ஸ்பர்க்கின் டஃப் நிறுவனம் 1935-லேயே பெற்ற காப்புரிமையில், முட்டைப்பொடிக்குப் பதில் புது முட்டை சேர்க்கும் முறை இருக்கு. இல்லத்தரசிகள் அதையே விரும்புகிறார்கள் என்ற காரணமும் அதிலேயே இருக்கு.

உணவு வரலாற்றாளர் லாரா ஷபிரோ வேறு இடத்தைக் காட்டுகிறார்: ஐசிங். நிறுவனங்கள் அலங்காரத்தைப் பெரிதாக விளம்பரப்படுத்தின. கேக்கைச் சுடுவது சுலபமாச்சு. உழைப்பும் பெருமையும் மேல்பூச்சுக்குப் போச்சு.

பட்டமளிப்பு கேக்கில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வட்ட கேக், அதன்மேல் கறுப்புச் சதுரம், ஓரத்தில் தொங்கும் குஞ்சம், பிள்ளையின் பேர், ஆண்டு. மாவு யார் கலந்ததாகவும் இருக்கட்டும். அந்தப் பேரைக் கோணல்மாணலா எழுதினது வீட்டு ஆள்தான்.