மாட்டுப்பட்டியில் ஒரு கணக்கு

மூதூர், கிண்ணியாப் பக்கத்துத் தயிர்ச்சட்டியை அறியாதவர் திருகோணமலை மாவட்டத்தில் இலர். அச்சட்டிக்குப் பின்னால் நிற்கும் மாட்டுப்பட்டிக்குக் கணித வரலாற்றிலும் ஓர் இடமுண்டு என்பதை நம்மில் பலர் அறியோம்.

1356இல் நாராயண பண்டிதர் 'கணித கௌமுதி' என்னும் சமஸ்கிருத நூலை எழுதினார். அதில் ஒரு வினா: பசுவொன்று ஆண்டுக்கொரு கன்று ஈனும். அக்கன்றும் மூன்று வயதானதும் ஆண்டுதோறும் ஈனத் தொடங்கும். இருபது ஆண்டில் பட்டியில் எத்தனை நிற்கும்?

தரம் 11 மாணவர்க்கு இதைக் கொடுக்கும்போது நான் சூத்திரம் எதுவும் சொல்வதில்லை. பட்டிக்காரர் பிள்ளைகளே முந்திக்கொள்வார்கள். போன வருடம் நின்றவை அப்படியே நிற்கும். மூன்று வருடத்துக்கு முன் நின்றவை ஒவ்வொன்றும் ஒரு கன்று போடும். இரண்டையும் கூட்டினால் சரி. 1, 2, 3, 4, 6, 9, 13, 19 என வளர்ந்து இருபதாம் ஆண்டில் 2745 வரும். முன்னைய உறுப்புகளிலிருந்து அடுத்ததைக் காணும் இவ்விதியே மீள்வரு தொடர்பு. ஆண்டுக்காண்டு ஏற்படும் மாற்றத்தை எழுதினால் அது வேறுபாட்டுச் சமன்பாடு.

இதற்கும் முன்னர், ஏறத்தாழ 1150இல், ஹேமச்சந்திரர் குறிலும் நெடிலும் கொண்டு எத்தனை யாப்படிகள் அமையும் என எண்ணி, முந்திய இரண்டையும் கூட்டும் விதியைத் தந்தார். 1202இல் முயல் கணக்காக அதே எண்களை எழுதிய பீசா நகரத்துப் பிபொனாச்சியின் பெயரே நிலைத்தது. அவரும் இந்திய இலக்கங்களைக் கற்றது, தந்தை சுங்கப் பணி புரிந்த அல்ஜீரியாவின் பிஜாயா துறைமுகத்தில்தான். மராக்கிஷில் வாழ்ந்து 1228இல் மறைந்த இப்னு முன்இம், பத்து நிறப் பட்டுநூலில் எத்தனை வகைக் குஞ்சம் கட்டலாம் என்பதை, முன்வரிசைத் தொகைகளைக் கூட்டியே கண்டார்.

“செத்த மாடு, விற்ற மாடு கணக்கில் இல்லையா சேர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்த கதையை வாப்பாமார் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். பண்டிதரின் பட்டியில் காளைக்கன்று இல்லை, சாவில்லை, இடப்பெயர்வும் இல்லை. ஆகவே கழித்தல் உறுப்பொன்றைச் சேர்த்தோம். இழப்பு பிறப்புக்குச் சமமானால் பட்டி வளராது. மிஞ்சினால் ஒருநாள் வெறுமையாகும். இதை அவர்களே கண்டறிந்தார்கள்.

கணிதம் வெளியூர்ச் சரக்கு என்று அஞ்சியே நம் பிள்ளைகள் பலர் உயர்தரத்தில் அதனைத் தவிர்க்கிறார்கள். விதியைக் கற்பிக்குமுன் அதன் வரலாற்றைச் சொல்லுங்கள். அது துறைமுகங்கள் வழியே, பட்டியையும் பட்டுநூலையும் பாட்டையும் எண்ணியவர்களின் கைகள் வழியே வந்தது. அந்தக் கைகளில் நம் பிள்ளைகளின் கைகளுக்கும் இடமுண்டு.