சில்லில் இல்லாத ஐந்தரை மணி: வன்பொருள் கடிகார நிரலும் நேர மண்டலமும்

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. ராசிபுரத்து மாணவி ஒருத்தி காலை 10 மணிக்கு விண்டோஸை மூடிவிட்டு லினக்ஸைத் திறப்பதாக வைத்துக்கொள்வோம். விண்டோஸ் கடிகாரச் சில்லில் உள்ளூர் நேரத்தையே வைத்திருக்கும். அதை லினக்ஸ் யுடிசி (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொண்டால் திரையில் பிற்பகல் 3.30. இணையம் கிடைத்து, லினக்ஸ் நேரத்தைத் திருத்திச் சில்லிலும் எழுதிவிட்டால், அடுத்துத் திறக்கும் விண்டோஸ் விடியற்காலை 4.30 என்று காட்டும். சில்லில் பழுது ஏதும் இல்லை.

பொத்தான் பேட்டரியில் ஓடும் இந்தக் கடிகாரத்தின் பூர்வீகம், 1984-இல் வெளிவந்த ஐபிஎம் பிசி ஏடியில் இருந்த மோட்டோரோலா எம்சி146818 சில்லு. நொடி முதல் ஆண்டு வரை ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பதிவகம் உண்டு. அது எந்த ஊர் நேரம் என்று சொல்லத்தான் பதிவகம் கிடையாது. யூனிக்ஸ் வழி இயங்குதளம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இந்தக் கடிகாரத்தை வாசித்து எழுதும் டிரைவர் நிரலைக் கொண்டுபோகிறவருக்கு உண்மையான சிக்கல் அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

பதிவகங்களை வாசிப்பதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. ஒவ்வொரு தசம இலக்கத்தையும் நான்கு பிட்டில் எழுதும் பிசிடி வடிவில் 59 என்றிருப்பதை நேரடி இரும எண்ணாக எடுத்தால் 89 நிமிடம் ஆகிவிடும். லினக்ஸ் மாதத்தை 0-இலிருந்தும் ஆண்டை 1900-இலிருந்தும் எண்ணுகிறது. நெட்பிஎஸ்டியில் மாதம் 1-இல் தொடங்கும், ஆண்டு முழுதாக இருக்கும். லினக்ஸ் வரிகளை அங்கே அப்படியே ஒட்டினால் செப்டம்பர் ஆகஸ்டாகும், 2011 வெறும் 111 ஆகும். இவையெல்லாம் முதல் ஓட்டத்திலேயே கண்ணில் பட்டுவிடும். மண்டலப் பிழை அப்படியல்ல. ஒரே இயங்குதளம் உள்ள கணினியில், எழுதும்போது நேர்ந்த தவறு வாசிக்கும்போது தானே சரியாகிவிடும். சோதிப்பவருக்குத் தெரியவே தெரியாது.

சில்லில் இருப்பது உள்ளூர் நேரமா யுடிசியா என்ற உடன்பாட்டை ஒவ்வொரு தளமும் ஒவ்வோர் இடத்தில் வைத்திருக்கிறது. இன்றைய லினக்ஸில் ஆட்ஜ்டைம் கோப்பின் மூன்றாம் வரி. ஃப்ரீபிஎஸ்டியில் வால்-சிமாஸ்-கிளாக் என்ற கோப்பு இருந்தாலே சில்லில் உள்ளூர் நேரம் என்று பொருள். நெட்பிஎஸ்டி கெர்னலோ வித்தியாசத்தை நிமிடங்களில், கிரீன்விச்சுக்கு மேற்கே என்று கணக்கிடுகிறது: நியூயார்க்குக்கு 300, நமக்கு -330. குறியை மாற்றிப் போட்டால் 11 மணி நேரம் பிசகும்.

இந்தியாவுக்கு ஒரே நேர மண்டலம்தான், கோடைக்கால நேர மாற்றமும் இல்லை. டிரைவருக்குள்ளேயே 330-ஐக் கழித்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஆசை காட்டும் குறுக்குவழிதான், ஏற்கத் தக்கதல்ல. இணைய நேரத்தோடு ஒத்திசைந்த லினக்ஸ் கெர்னல் 11 நிமிடத்துக்கு ஒருமுறை சில்லில் எழுதுகிறது. கழித்ததை அங்கே மறக்காமல் கூட்ட வேண்டும். மேலடுக்கிலும் யாரோ உள்ளூர் நேரம் என்று குறித்திருந்தால் ஐந்தரை மணி இருமுறை கழியும். டிரைவர் சில்லில் உள்ள எண்களை மட்டும் எடுத்துக் கொடுக்கட்டும். மண்டலத்தை வெளியே ஓர் அமைப்புக் கோப்பு சொல்லட்டும். அப்படி இருந்தால் ராசிபுரத்துப் பள்ளியில் கணினிப் பாடம் எடுக்கும் ஆசிரியரே ஒரு சொல்லை மாற்றி அந்த மடிக்கணினியைச் சரிசெய்துவிடுவார். டிரைவருக்குள் புதைத்துவிட்டால் அதற்குக் கெர்னலையே மறுபடி தொகுக்க வேண்டியிருக்கும்.