தரிசு உளுந்தும் கரிசல் உளுந்தும்

தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் தை மாத உளுந்துக்கு உழவே கிடையாது. சம்பா அறுப்புக்கு 7 முதல் 10 நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே விதையைத் தெளித்துவிடுகிறார்கள். பிறகு மிஞ்சிய ஈரமும் பனியும்தான் துணை. கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலிலோ கோடை உழவு போட்டுவிட்டு, புரட்டாசி, ஐப்பசி மழைக்குக் காத்திருந்து விதைக்கிறார்கள். பயிர் ஒன்றுதான், இயற்கை முறையில் அதற்கு ஊட்டம் கொடுக்கும் வழி ஒன்றல்ல.

உழாத நெல் தரிசில் எருவை எங்கே கலப்பது? மண்ணுக்குக் கொடுப்பதை விதையோடுதான் அனுப்ப வேண்டும். மாதக்கணக்கில் தண்ணீர் நின்ற வயலில், வேர்முடிச்சில் தழைச்சத்து சேர்க்கும், காற்று தேவைப்படும் ரைசோபியம் பாக்டீரியா மெலிந்துபோயிருக்கும். அதனால் ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் பொட்டலத்தைக் குழைத்து விதையில் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்துவது இங்கே தவிர்க்கக் கூடாத வேலை. வெயிலில் போட்டால் பாக்டீரியா செத்துப்போகும். அரைகுறையாகக் காய்ந்தால் தெளிக்கும் கையில் விதை கட்டிகட்டியாக ஒட்டும்.

இதற்குப் பதில் பீஜாமிர்தம் போதும் என்பவர்கள் உண்டு. 20 லிட்டர் தண்ணீர், 5 கிலோ சாணம், 5 லிட்டர் கோமியம், 50 கிராம் சுண்ணாம்பு, ஒரு பிடி வரப்பு மண். முளையைத் தாக்கும் பூசணத்துக்கு அது உதவலாம். ஆனால் உளுந்து வேருக்கு ஏற்ற ரைசோபியம் அந்த வாளியில் இருக்கிறதா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மாற்றாக அதை ஏற்க எனக்கு மனமில்லை. அதில் விதையை ஊறவும் விடக் கூடாது, உளுந்தின் மெல்லிய தோல் உரிந்துவிடும்.

கரிசலில் நிலைமை வேறு. பயறு வழிவழியாக விளைந்த மண்ணில் ரைசோபியம் ஓரளவு தங்கியிருக்கும். குறை மணிச்சத்தில்: சுண்ணாம்பு மிகுந்த கரிசல் அதை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அதைக் கரைத்துக் கொடுக்கும் பாஸ்போபாக்டீரியாவைத் தொழுவுரத்தில் கலந்து கடைசி உழவில் போடுவதற்கு இங்கே இடமிருக்கிறது. ஏக்கருக்கு 5 டன் என்று ஏட்டில் எழுதியிருக்கும். மாடில்லாத வீட்டில் அவ்வளவு ஏது? ஆட்டுக்கிடைதான் கைகொடுக்கும். தஞ்சை டெல்டாவுக்கும் கிடை போடும் கீதாரிகள் வருவார்கள். ஆனால் உளுந்து எடுத்த பிறகு, கோடையில். அந்தப் புழுக்கை அடுத்த நெல்லுக்குப் போய்விடும்.

ஒரு மாதச் செடியை மண்ணோடு தோண்டி, வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால், டெல்டாக்காரர் முதலில் பார்க்க வேண்டியது பொட்டலத்தின் காலாவதித் தேதியை. கரிசல்காரர் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுப்பது நல்லது.