தண்ணீர்க் கேனும் முசியே எபேரும்

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் விடியற்காலை மொட்டைமாடியில் தடதடவென்று சத்தம். ஏறிப் போய்ப் பார்த்தால், என் மகள் வயிற்றுப் பேரன் இரண்டு கைகளிலும் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்களைத் தூக்கிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தான். இரண்டும் நிறைந்த கேன்கள்.

"என்னடா, தண்ணீர் போடுகிற வேலைக்குப் போகப் போகிறாயா?" என்றேன்.

"இல்லை தாத்தா, ஹைராக்ஸுக்கு பிராக்டீஸ்" என்றான்.

நம் வயதுக்காரர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஹைராக்ஸ் என்பது கூரைக்கு அடியில், பெரிய கண்காட்சி அரங்குகளில் நடக்கும் பந்தயம். 2017-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கிறிஸ்டியன் டோட்ஸ்கே என்பவரும், 2008, 2012 ஒலிம்பிக்குகளில் ஹாக்கித் தங்கம் வென்ற மோரிட்ஸ் ஃபூர்ஸ்டேயும் சேர்ந்து தொடங்கியது. இந்தியாவுக்கு 2025-ல் மும்பை வழியாக வந்தது.

விதி எளிது. ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும், பிறகு ஒரு பலப் பரீட்சை. இப்படி எட்டு முறை. பனிச்சறுக்குத் துடுப்பு போல் கயிறு இழுக்கும் இயந்திரத்தில் 1000 மீட்டர். எடை ஏற்றிய சறுக்குவண்டியைத் தள்ளுவது 50 மீட்டர், அதையே கயிறு கட்டி இழுப்பது 50 மீட்டர். தரையில் நெஞ்சு படப் படுத்து எழுந்து தாவித் தாவி 80 மீட்டர். படகுத் துடுப்பு இயந்திரத்தில் 1000 மீட்டர். இரு கைகளிலும் எடை தூக்கி 200 மீட்டர் நடை. தோளில் மணல் மூட்டையுடன் முழங்கால் தரையைத் தொட 100 மீட்டர். கடைசியாக, கனத்த பந்தைச் சுவரில் உயரத்தில் எறிந்து பிடிப்பது நூறு முறை. ஆண்களின் பொதுப் பிரிவில் தள்ளும் வண்டி 152 கிலோ, கையில் தூக்குவது 24 கிலோ வீதம் இரண்டு, மணல் மூட்டை 20 கிலோ.

பேரனுக்கு இது முதல் பந்தயம். ஓடத் தெரிந்தவன், எடையும் தூக்கத் தெரிந்தவன். "தனித்தனியா ரெண்டும் கஷ்டமில்லை தாத்தா. வண்டி தள்ளின காலோட ஓடணும் பாருங்க, அங்கேதான் மாட்டிக்கறாங்க" என்றான். அதனால் கடற்கரைச் சாலையில் ஒரு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து மாடியில் மணல் மூட்டையைச் சுமப்பான். உடனே மறுபடி ஓடக் கிளம்புவான். முதல் சுற்றில் ஆசைப்பட்டு வேகம் காட்டினால் ஆறாவது சுற்றில் கால் நகராது என்பதை இரண்டே வாரத்தில் கற்றுக்கொண்டான். பந்து மட்டும் ஒருநாள் தவறி, என் மனைவி காயவைத்திருந்த வடாம் மேல் விழுந்தது. அதற்கான தண்டனை தனி.

"இதெல்லாம் உங்க காலத்துல கிடையாது" என்று அவன் சொன்னபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் 1963 வாக்கில், புதுச்சேரியில் என் பிரெஞ்சுப் பள்ளியில், இதைத்தான் எங்களைச் செய்ய வைத்தார்கள். எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் இந்தோசீனாவில் பணியாற்றித் திரும்பிய சொல்தா. "மார்ஷ்! கூர்ஸ்! சோ!" என்று கத்துவார். நடை, ஓட்டம், தாண்டல். பிறகு நாலு காலில் போவது, கயிறு ஏறுவது, கடைசியில் ஒருவனை ஒருவன் முதுகில் சுமந்துகொண்டு மைதானத்தைச் சுற்றுவது. என் பங்குக்கு எப்போதும் வகுப்பிலேயே குண்டான பையன்தான் வாய்ப்பான். ஏன் இப்படி என்று கேட்டால், "முசியே எபேர் சொல்லியிருக்கிறார்" என்பார். அந்த எபேர் யார் என்று அப்போது நாங்கள் விசாரிக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ழோர்ழ் எபேர் 1875-ல் பிறந்த பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. 1902 மே 8-ம் தேதி மார்த்தினிக் தீவில் பெலே எரிமலை வெடித்தது. சேன் பியேர் என்ற ஊர் சில நிமிடங்களில் எரிந்து, சுமார் 28,000 பேர் மாண்டார்கள். அங்கே நடந்த மீட்புப் பணியில் எபேரும் இருந்தார். ஓடவும் ஏறவும் தாண்டவும் தெரிந்தால் மட்டும் போதாது, இன்னொருவரைத் தூக்கிக்கொண்டு போகவும் தெரிய வேண்டும் என்பது அவர் மனதில் நின்றது. பலமாக இருப்பது பிறருக்கு உபயோகமாக இருப்பதற்கே என்பதுதான் பிற்காலத்தில் அவர் தம் முறைக்கு வைத்த முழக்கம்.

அக்காலத்தில் ஐரோப்பியப் பள்ளிகளில் வரிசையாக நின்று கட்டளைக்குக் கைகால் அசைக்கும் ஸ்வீடன் நாட்டுப் பயிற்சிக்குத்தான் மரியாதை. எபேர் அதை ஏற்கவில்லை. லோரியான் துறைமுகத்தில் கடற்படை வீரர்களுக்கு நடை, ஓட்டம், தாண்டல், தவழ்தல், ஏறுதல், சமநிலை, எறிதல், தூக்குதல், தற்காப்பு, நீச்சல் என்று பத்து வகையாகப் பயிற்சி கொடுத்தார். பன்னிரண்டு சோதனைகள் வைத்து ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் அட்டை போட்டார். ஓட்டம் மூன்று, கயிறு ஏறுதல், 40 கிலோ தூக்குதல், நீச்சல் எல்லாம் அதில் உண்டு. குமாஸ்தாவாக முப்பத்து நாலு வருடம் பதிவேடு எழுதிய எனக்கு அந்த அட்டை மிகவும் பிடித்துப் போயிற்று. 1913-ல் ரேம்ஸ் நகரில் இதற்கென்று ஒரு கல்லூரியே எழுந்தது; அடுத்த வருடம் வந்த போர் அதை அழித்துவிட்டது.

ஹைராக்ஸ் இவரிடமிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் எபேருக்கே கோபம் வரும். அவர் திறந்தவெளியை விரும்பியவர். 1925-ல், போட்டி விளையாட்டு உடற்கல்விக்கு விரோதம் என்று ஒரு புத்தகமே எழுதினார். இதைக் கொஞ்சம் குதூகலத்தோடுதான் பேரனிடம் சொன்னேன். "அப்போ நான் போக வேண்டாமா?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை.

சில நாள் கழித்து, இரவு பதினோரு மணிக்குக் குளியலறையில் என் மனைவி வழுக்கி விழுந்தாள். "என்னங்க" என்ற ஒரு குரல்தான். ஓடினேன். கைக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தேன். முடியவில்லை. இன்னொரு முறை பார்த்தேன், என் முழங்கால் மடங்கிவிட்டது. நானும் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஐம்பது வருடம் கூட வாழ்ந்தவளை ஒரு அடி உயரத்துக்குத் தூக்க என்னால் முடியவில்லை.

பேரன் வந்தான். அவசரப்படவில்லை. "ஆயா, எங்கே வலிக்குது? காலை அசைங்க" என்று கேட்டுப் பார்த்துவிட்டு, குந்தி உட்கார்ந்து, முதுகுக்கு ஒரு கை, முழங்காலுக்கு ஒரு கை கொடுத்து, மாடியில் மூட்டையைத் தூக்குகிற மாதிரியே மூச்சைப் பிடித்து எழுந்தான். கட்டிலில் படுக்க வைத்துவிட்டு எனக்கும் கை கொடுத்தான். எலும்பு முறிவு இல்லை என்று மறுநாள் டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

அன்று காலை அவனிடம் சொன்னேன்: "நீ மும்பைக்குப் போ. எத்தனாவதாக வந்தாய் என்று நான் கேட்க மாட்டேன்."

டாக்டரைக் கேட்டுக்கொண்டு நானும் தொடங்கியிருக்கிறேன். ஓட்டமெல்லாம் இல்லை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, இரண்டு பைகளில் இரண்டு கிலோ அரிசி வீதம் போட்டுக் கூடத்தில் நடப்பது, பாயில் உட்கார்ந்து எழுவது. பேரன் எனக்கும் ஒரு மதிப்பெண் அட்டை போட்டுக் கொடுத்தான். போன வெள்ளிக்கிழமை பத்து முறை எழுந்தேன். அட்டையில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டான். பச்சை மை கெஜட்டட் அதிகாரிகளுக்கு மட்டும்தான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்; கேட்கவில்லை.