எச்சரிக்கையின் இடம்: 1945ஆம் ஆண்டுப் புஷ் அறிக்கையில் மானுடப் புலங்கள்

வன்னெவர் புஷ் 1945 ஜூலை 5 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமனிடம் அளித்த 'அறிவியல்: முடிவற்ற எல்லை' என்னும் அறிக்கை, இயற்கை அறிவியலுக்கு அரசு எழுதிக்கொடுத்த உரிமைச் சாசனமாகவே இதுவரை பெரும்பாலும் படிக்கப்பட்டுவந்துள்ளது. மொழி, இலக்கியம், வரலாறு, தத்துவம் முதலான மானுடப் புலங்களைப் பற்றி அதில் வரும் சில வரிகளைச் சபை நாகரிகம் கருதிச் சொன்னவை என ஒதுக்கிவிடுவதும் அந்த வாசிப்பின் வழக்கம். இக்கட்டுரை அதனை மறுக்கிறது. அவ்வரிகளுள் ஒரு பகுதி, அறிக்கை தன் சொந்தத் திட்டத்துக்கே விதித்துக்கொண்ட நிபந்தனை என்பது இங்கு நிறுவப்படும் முடிவு.

மானுடப் புலங்கள் பற்றிய பேச்சு அறிக்கையில் குறிப்பாக இரண்டு இடங்களில் வருகிறது. முதலாவது, முகப்புக் கடிதம். அப்போதைய குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1944 நவம்பர் 17 அன்று தம்மிடம் நான்கு கேள்விகள் கேட்டபோது அறிவியல் என்று குறித்தது மருத்துவத்தையும் உயிரியலையும் உள்ளடக்கிய இயற்கை அறிவியலையே என்று தாம் புரிந்துகொண்டதாகப் புஷ் அதில் கூறுகிறார். சமூக அறிவியலும் மானுடப் புலங்களும் அதேபோல முக்கியமானவை. ஆயினும் அறிவியலுக்கான திட்டம் உடனடிக் கவனத்துக்கு உரியது என்கிறார். இரண்டாவது, நான்காம் இயலில் 'ஓர் எச்சரிக்கைக் குறிப்பு' என்ற தலைப்பில் வருகிறது. சமூக அறிவியல், மானுடப் புலங்கள் ஆகியவற்றின் செலவில் இயற்கை அறிவியலையும் மருத்துவத்தையும் விரிவுபடுத்தும் திட்டம் அறிவீனம் என்று அங்கே அவர் நேரடியாகச் சொல்கிறார். சொன்னதோடு நில்லாமல், அறிவியல் திறனாளர் பற்றிய கேள்வியை ஆராய்ந்த, ஹென்றி ஆலன் மோ தலைமையிலான குழுவின் கூற்றையும் அதற்குச் சான்றாக எடுத்துவைக்கிறார்.

முந்தைய வாசிப்பின் பிழை, இவ்விரண்டு இடங்களையும் ஒன்றாகக் குழைத்துவிட்டதில் இருக்கிறது. இரண்டும் செய்யும் வேலை வேறு. முகப்புக் கடிதம் அறிக்கையின் பரப்பை வரையறுக்கிறது: கேட்கப்பட்டது இது, ஆகவே விடையும் இதற்கே. சபை நாகரிகம் என்று ஏதேனும் இருந்தால் அது அங்கேயே நிறைவேறிவிட்டது. அதையே மூன்று இயல்கள் கடந்தபின் இன்னும் கடுமையான சொற்களில் திரும்பச் சொல்ல நாகரிகம் யாரையும் நிர்ப்பந்திப்பதில்லை.

எனில் அந்த எச்சரிக்கை ஏன் நான்காம் இயலில் வந்தது? அவ்வியலின் பொருள் அறிவியல் திறனாளர்களைப் புதிதாக உருவாக்குவது. ரூஸ்வெல்ட்டின் நான்காம் கேள்விக்கான விடை. அறிக்கையின் பிற இயல்கள் பெரும்பாலும் பணத்தையும் அமைப்பையும் பேசுகின்றன. இவ்வியலோ இளைஞர்களைப் பேசுகிறது. எச்சரிக்கையைத் தொடர்ந்து, அதே இயலின் பிற்பகுதியில், மோ குழு வகுத்த திட்டம் வருகிறது: முழு அளவில் நடைமுறைக்கு வரும்போது 24,000 இளநிலை உதவித்தொகைகள், 900 உயர் ஆய்வு உதவித்தொகைகள், ஆண்டுச் செலவு ஏறத்தாழ 3 கோடி டாலர். அதாவது, இத்தனை ஆயிரம் இளைஞர்களை அறிவியலுக்குள் அழைத்துவரச் சொன்ன குழுவே, அளவுக்கு மீறி அழைக்காதீர்கள் என்றும் சொன்னது. பரிந்துரையும் எச்சரிக்கையும் ஒரே கையிலிருந்து வந்தவை. பரிந்துரையின் எல்லையைக் குறிப்பது எச்சரிக்கை.

அதன் காரணம் அக்குழுவின் கூற்றிலேயே தெளிவாக இருக்கிறது. நாட்டின் உயர்ந்த திறன்களில் பொருத்தமற்ற பெரும்பங்கை அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்கும் உறிஞ்சிக்கொள்ளும் திட்டம் நாட்டுக்குக் கேடு என்பதோடு, அறிவியலையே முடமாக்கும் என்பதும், அறிவியல் தன்னை மட்டும் நம்பித் தனித்து வாழ இயலாது என்பதும் அதன் சாரம். அரசின் நிதியை இரட்டிப்பாக்கலாம். ஒரு தலைமுறையில் பிறந்த கூர்மதியினரின் எண்ணிக்கையை எந்தச் சட்டத்தாலும் இரட்டிப்பாக்க இயலாது. பணத்தைப் பற்றிய வாதத்தில் அறிவியலும் மானுடப் புலங்களும் போட்டியிடாமலே வளரலாம் என்று நம்ப இடமுண்டு. மனிதர்களைப் பற்றிய வாதத்தில் அந்த இடம் இல்லை. எச்சரிக்கை இவ்வியலில் வந்ததற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தென்படவில்லை. மானுடப் புலங்களுக்கு இரக்கம் காட்டும் குரலும் அங்கே இல்லை. அறிவியலின் நலனையே முன்னிறுத்தித்தான் அக்குழு பேசியது.

இந்த வாசிப்புக்கு எதிராக வலுவான தடை ஒன்று உண்டு. புஷ் முன்மொழிந்த தேசிய ஆய்வு நிறுவனத்துக்கு ஐந்து பிரிவுகள்: மருத்துவ ஆய்வு, இயற்கை அறிவியல், நாட்டுப் பாதுகாப்பு, அறிவியல் பணியாளரும் கல்வியும், வெளியீடும் அறிவியல் ஒத்துழைப்பும். மானுடப் புலங்களுக்கு ஒரு பிரிவும் இல்லை. நிபந்தனை உண்மையானதாக இருந்திருந்தால் அமைப்பில் அதற்கு இடம் இருந்திருக்க வேண்டாமா? இக்கேள்வியின் கனத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அது காட்டுவது நிபந்தனை அமைப்பாக உருப்பெறவில்லை என்பதை மட்டுமே. உருப்பெறாத நிபந்தனை பின்வந்தோருக்கு எளிதில் மறந்துபோகும், நடந்ததும் அதுதான். அத்தகைய நிறுவனத்தை அமைக்கும் ஒரு மசோதாவை ட்ரூமன் 1947இல் தம் மறுப்பதிகாரத்தால் நிறுத்தினார். 1950 மே 10 அன்று தேசிய அறிவியல் அறக்கட்டளைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த இடைவெளியில் நடந்த தகராறுகளின் மையத்தில் இருந்தது, நிறுவனத்தின் தலைமை யாருக்குக் கட்டுப்பட்டது என்ற கேள்வி. சமூக அறிவியலின் இடம் பற்றியும் வாதம் எழுந்தது. மானுடப் புலங்களின் இடம் அத்தகராறுகளின் மையத்துக்கு வரவில்லை. போர்க்காலத்து அவசரம் எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்ற வாதத்துக்கு நீண்ட மறுப்புத் தேவையில்லை: அவசரத்தில் எழுதுபவர் எச்சரிக்கைகளைக் குறைப்பாரே ஒழியக் கூட்டமாட்டார்.

பிற்காலச் செய்தி ஒன்றும் இங்கே எடைபோடத்தக்கது. மோ தொழில்முறையில் அறிவியலாளர் அல்லர். அறிவியலாளர், அறிஞர், கலைஞர் மூவருக்கும் உதவிய குகன்ஹைம் அறக்கட்டளையை நெடுங்காலம் நடத்தியவர். 1965 செப்டம்பர் 29 அன்று குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் தேசிய மானுடப் புல நிதியம் பிறந்தபோது, அதன் இடைக்காலத் தலைவராகப் பொறுப்பேற்றவர் அதே மோ. இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் ஏற்ற பதவியைக் கொண்டு அவர் முன்பு எழுதியதன் பொருளை நிறுவிவிட முடியாது. ஆயினும் அந்த எச்சரிக்கையை வெறும் உபசாரமாக அவர் எழுதியிருப்பார் என்று கருதுவது இதனால் மேலும் கடினமாகிறது. அந்த நிதியத்துக்காக நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னவர்களுள் அணுசக்தி ஆணையத்தின் தலைவர் க்ளென் சீபோர்க்கும் ஒருவர். வேதியியலில் நோபல் பரிசு பெற்ற அவர், வேகத்தைத் தருவது அறிவியலின் வேலை என்றும், எத்திசையில் செல்வது என்ற கேள்விக்கு எந்தக் கணிப்பொறியாலும் விடைதர இயலாது என்றும் வாதிட்டார். மோ குழு 1945இல் சொன்னதன் தொடர்ச்சியாகவே அதைப் படிக்கிறேன்.

இவ்வாசிப்பால் இன்று என்ன பயன்? ஆய்வுக்கு அரசு நிதி வழங்க நிறுவனம் அமைக்கும் நாடுகள் பலவற்றுக்கு 1950இன் அமெரிக்க அறக்கட்டளை கண்முன் உள்ள எடுத்துக்காட்டு. இந்தியாவின் 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, கலைகளையும் மானுடப் புலங்களையும் உள்ளிட்ட எல்லாத் துறைகளுக்கும் உதவும் ஒரு நிறுவனத்தைக் கருதியது. 2023இன் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டமோ, மானுடப் புலங்களும் சமூக அறிவியலும் அறிவியல் தொழில்நுட்பத்தோடு சந்திக்கும் இடங்களை மட்டுமே தன் பரப்பில் சேர்த்தது. சமூக அறிவியலுக்கு 1969 முதலும் வரலாற்றுக்கு 1972 முதலும் தனி மன்றங்கள் இருப்பதைச் சுட்டி இதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆனால் மோ குழு எழுப்பியது, பெரிய நிதி எந்தப் பக்கம் இளைஞர்களை இழுக்கும் என்ற கேள்வி. சிறிய மன்றங்கள் தனியே இருப்பது அதற்கு விடையாகாது. கல்வெட்டு வாசிக்கப் பழகும் மாணவருக்கு, அறிவியலோடு சந்திக்கும் இடத்தில் மட்டும் உதவித்தொகை கிடைக்குமானால், வாசிப்பில் தேர்ந்தவர்களே அருகிப்போவார்கள். பிறகு அந்தச் சந்திப்புக்கு ஒரு பக்கத்து ஆள் இருக்கமாட்டார்.

புஷ் அறிக்கையை முன்மாதிரியாகக் கொள்பவர்கள் அதன் நான்காம் இயலையும் சேர்த்தே கொள்ள வேண்டும். அறிவியலுக்கான ஒவ்வொரு பெரிய உதவித்தொகைத் திட்டமும், அது பிற புலங்களிலிருந்து எத்தனை மாணவர்களை இழுக்கிறது என்ற கணக்கைத் தன்னோடு வைத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்கும் அதிகாரத்தோடு மானுடப் புலங்களுக்கு நிதி வழங்கும் நிறுவனத்துக்குள்ளேயே ஒரு பிரிவும் வேண்டும். 1945இல் எழுதப்பட்டு அமைப்பாக மாறாமல் போன நிபந்தனைக்கு உருவம் தருவது இதுவே. இனி எழுதப்படும் சட்டங்கள் இதைச் செய்யலாம். செய்வதே அறிவியலுக்கும் நல்லது.