கோணமாமலைத் தூணும் அதனைச் சூழ்ந்த ஆவிக் கதையும்

பழைய கோட்டைகளும் பாழடைந்த மாளிகைகளும் உள்ள ஊர்களில் ஆவிக் கதைகள் வழங்காத ஊர் அரிது. மக்கள் வாழ்வு நீங்கிய இடத்தில் மாண்டோர் வாழ்வதாகக் கருதுவது மனித இயல்பு போலும். வரலாற்று மாணவர் இக்கதைகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவர். நாட்டார் வழக்காற்றை ஆராய்வோர் அவற்றைத் தொகுத்து வைப்பதோடு அமைந்துவிடுவர். ஆயினும், ஓர் ஊர் எந்தச் சாவை நினைவிற் கொண்டது, எதனை மறந்தது என்பதை அறிய விரும்புவோர்க்கு இத்தகைய கதைகளே சிறந்த வாயில்களாகும். திருகோணமலைக் கோட்டையினுள், கோணமாமலையின் விளிம்பில் நாட்டப்பட்ட ஒற்றைக் கற்றூணும் அதனைச் சூழ்ந்து வளர்ந்த கதையும் இதற்குத் தக்க சான்றாகும்.

இடமும் கதைகளும்

சுவாமிமலை என்றும் வழங்கும் கோணமாமலை, முக்கடலும் வந்து மோதும் முனைபோலக் கடலுள் நீண்டு கிடப்பது. அதன் கிழக்குப் பக்கம் 300 அடிக்கும் மேற்பட்ட செங்குத்தான பாறை. கீழே ஆழ்ந்த நீலக் கடல். இத்தகைய இடத்தில் நிற்பவன் உள்ளத்தில் வியப்போடு அச்சமும் எழுவது இயல்பு. எனவே இம்மலையைப் பற்றிய பழங்கதைகள் பலவும் பிளத்தல், வீழ்தல், இறத்தல் ஆகியவற்றையே பொருளாகக் கொண்டுள்ளமை வியப்பன்று.

பாறையிலுள்ள பெரும் பிளவை 'இராவணன் வெட்டு' என மக்கள் அழைப்பர். தன் தாயின் பொருட்டு இம்மலையையே பெயர்த்துச் செல்ல முயன்ற இலங்கை வேந்தன் வாளால் வெட்டிய வடு அது என்பது ஐதிகம். அத்தாய் இறந்தபின் அவளுக்கு ஈமக்கடன் செய்வதற்காகத் தோன்றியவையே கன்னியாயிலுள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகள் எனக் கதை தொடர்கின்றது. இக்கதை வெறும் கதையாக நின்றுவிடவில்லை. இறந்தோர்க்குரிய அந்தியேட்டி முதலிய கிரியைகளைக் கன்னியாயிற் செய்யும் வழக்கம் அப்பகுதித் தமிழரிடையே நிலைத்து வந்துள்ளது. இராவணன் தன் தாய்க்குச் செய்ததைத் தாமும் தம் பெற்றோர்க்குச் செய்கின்றனர் என்னும் உணர்வு அதில் அடங்கியுள்ளது. ஆகவே இறந்தோரை நினைத்தல் என்பது இவ்வூரின் நிலத்தோடு ஒட்டிய பழக்கம் எனலாம்.

பிரான்சினாவின் கதை

இத்தகைய மண்ணிலே, ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில், வேறொரு சாவுக் கதையும் வேரூன்றியது. கோணமாமலையின் உச்சிக்கு அணித்தாக நின்ற கற்றூண் ஒன்றில் ஒல்லாந்த மொழியிற் சில வரிகள் பொறிக்கப்பட்டுள்ளன. பிரான்சினா வன் றீட் என்னும் பெண்ணின் நினைவாக, 1687 ஏப்பிரல் 24ஆம் நாள் அத்தூண் நிறுவப்பட்டது என்பதே அவ்வரிகளின் பொருள். மைட்ரெக்ற் என்னும் பிரபுரிமையோடு தொடர்புடைய குடும்பத்தினள் அவள் என்பதும் அதனால் தெரியவருகின்றது. கல்வெட்டுக் கூறுவது அவ்வளவே.

கதையோ இதனினும் நெடியது. உயர்குடி ஒல்லாந்த நங்கையான பிரான்சினா கோட்டையிலிருந்த படை அதிகாரி ஒருவனுக்கு மண உறுதி செய்யப்பட்டிருந்தாள். அவன் வாக்குப் பிறழ்ந்து தாயகம் செல்லக் கப்பலேறினான். கப்பல் மலை முனையைச் சுற்றிச் சென்ற வேளையில், பாறை விளிம்பில் நின்று அதனைக் கண்ட பிரான்சினா கடலிற் பாய்ந்து உயிர் துறந்தாள். துயருற்ற தந்தை அவ்விடத்திலேயே தூணை நாட்டினான். இதுவே கதை. 1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராக விளங்கிய எமேர்சன் ரெனன்ற், 1859இல் வெளியிட்ட தமது பெருநூலில் இக்கதையை எழுதிவைத்தார். அதன்பின் இலங்கைக்கு வந்த பிரயாணிகள் பலர் அதனையே திருப்பியெழுதினர். ஆங்கிலேயர் அவ்விடத்தைக் காதலர் பாய்ந்த இடம் என்னும் பொருள்படப் பெயரிட்டு வழங்கினர். காலப்போக்கிற் கதை, பாறைக்குரிய பெயராகவே மாறிவிட்டது.

ஆவணங்கள் காட்டும் உண்மை

இக்கதையை ஒல்லாந்த ஆவணங்களோடு ஒப்பிடும்போது நிலைமை முற்றிலும் மாறுகின்றது. மைட்ரெக்ற் பிரபு எனப்பட்டவர் ஹென்றிக் அட்றியான் வன் றீட். மலையாள நாட்டின் தாவரங்களைப் பன்னிரண்டு தொகுதிகளில் விவரித்து, 1678 முதல் 1693 வரையில் வெளிவந்த 'ஹோட்டஸ் மலபாரிக்கஸ்' என்னும் பெருநூலை உருவாக்கியவர் இவரே. கொச்சியில் ஒல்லாந்தக் கொம்பனியின் ஆளுநராக இருந்த இவர், 1684இல் மீண்டும் கீழைநாடுகளுக்கு அனுப்பப்பட்டார். கொம்பனி ஊழியரிடையே மலிந்திருந்த ஊழலை விசாரித்துச் சீர்செய்யும் தலைமை ஆணையாளர் பதவி அவருக்கு அளிக்கப்பட்டிருந்தது. பிரான்சினா அவரது மகளாக வளர்ந்தவள். 1691 டிசெம்பரில், சூரத்து நோக்கிச் சென்ற கடற்பயணத்திலே வன் றீட் இறந்தார். சூரத்தில் அவருக்கு எழுப்பப்பட்ட பெருங்கல்லறை பிரசித்தமானது.

தூண் நாட்டப்பட்ட 1687இற்குப் பின்னரும் பிரான்சினா உயிரோடிருந்தாள் என்பதே ஆவணங்களால் தெளிவாகும் செய்தி. தந்தையின் மறைவின் பின்பு அவள் ஒல்லாந்துக்குத் திரும்பி வாழ்ந்தாள். கோணமாமலையிலிருந்து அவள் வீழ்ந்து இறந்தாள் என்பது எவ்வகையிலும் பொருந்தாது.

அவ்வாறாயின், 'நினைவாக' என்னும் சொல் அத்தூணில் ஏன் பொறிக்கப்பட்டது எனக் கேட்கலாம். அங்குள்ள ஒல்லாந்தச் சொல் நினைவு என்ற பொருளையே தருகின்றது, மரணத்தைக் குறிப்பிடவில்லை. உயர்ந்த அதிகாரியோ அவரது குடும்பத்தினரோ ஓரிடத்துக்கு வந்தமையை நினைவுகூரவும் கல் நாட்டப்படலாம். கல்வெட்டில் இறந்த நாள் இல்லை, வயது இல்லை, இறைவனிடம் வேண்டும் வாசகமும் இல்லை. ஒல்லாந்தரின் கல்லறைக் கற்களில் வழக்கமாகக் காணப்படும் இக்கூறுகள் இத்தூணில் இல்லாமையே, இது சாவுக்கல் அன்று என்பதற்குப் போதிய சான்றாகும். கல்லில் இல்லாத சாவைக் கதையே கல்லின்மேல் ஏற்றியது.

கதை வேரூன்றிய விதம்

பொய்யென அறியப்பட்ட பின்னரும் ஒரு கதை நிலைத்து நிற்குமாயின் அதற்குக் காரணங்கள் இருத்தல் வேண்டும். முதலாவது, இடத்தின் அமைப்பு. செங்குத்தான பாறையையும் அதனடியிற் கொந்தளிக்கும் கடலையும் கண்ட ஐரோப்பியர்க்கு, கிரேக்கப் புலவி சாபோ காதல் தோல்வியால் லூக்காஸ் பாறையிலிருந்து பாய்ந்தாள் என்னும் பழங்கதை நினைவுக்கு வருவது எளிது. மேனாடுகளிலே பெரும் பாறைகள் பலவற்றுக்கு இத்தகைய கதை கற்பிக்கப்பட்டுள்ளது. கோணமாமலையில் அக்கதைக்கு வேண்டிய பெண்ணின் பெயர் ஏற்கெனவே கல்லில் எழுதப்பட்டிருந்தது.

இரண்டாவது காரணம் தமிழ் மரபு சார்ந்தது. கல்லெடுத்து நாட்டிப் பெயரெழுதிய இடமெல்லாம் ஒருவர் மாண்ட இடம் என்றே தமிழ் உள்ளம் கொள்ளும். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் எனத் தொல்காப்பியம் வகுத்துரைக்கும் நடுகல் மரபின் எச்சம் அவ்வுள்ளத்தில் உண்டு. காதல் நிறைவேறாவிடின் மலையிலிருந்து வீழ்ந்து உயிர்விடுதலும் சங்கச் சான்றோர் அறிந்த பொருளே. அதனை 'வரைபாய்தல்' என்றனர். ஆயின் அங்கே அவ்வாறு சூளுரைப்பவன் தலைவன். கோணமாமலைக் கதையிலோ பாய்பவள் தலைவி. தமிழ்க் கேள்வியர்க்கு இக்கதை முற்றிலும் அந்நியமாகத் தோன்றாமைக்கு இப்பழஞ்சிந்தனையும் ஒரு காரணமாகலாம். காலமல்லாக் காலத்தில், நிறைவேறாத ஆசையோடு இறந்தவரின் ஆவி அவ்விடத்தை விட்டு நீங்காது என்னும் நம்பிக்கையும் ஈழத்துத் தமிழரிடையே வழங்குவது. அந்நம்பிக்கைக்கு ஏற்ற எல்லாம் இக்கதையில் உள்ளன.

கோட்டைக்குள்ளேயே இதற்கு ஒப்பான வேறொரு கதையும் உண்டு. பின்னாளில் வெலிங்டன் கோமகனாகப் புகழ்பெற்ற ஆதர் வெல்லெஸ்லி 1800ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் திருகோணமலையில் தங்கினார். அவர் தங்கியதாகக் கூறப்படும் இல்லம் இன்றும் அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுகின்றது. அங்கே நோயுற்றதனால் தாம் ஏறவேண்டிய கப்பலைத் தவறவிட்டார் என்றும், அக்கப்பல் மூழ்கியமையால் உயிர் தப்பினார் என்றும் கதை வழங்குகின்றது. உண்மையில் அவர் நோயுற்று 'சூசன்னா' என்னும் கப்பலிற் செல்லாது நின்றது பம்பாயிலாகும். தப்பிய உயிரும் போன உயிரும் ஒரே கோட்டைக்குள் கதையாகி நிற்கின்றன. நடந்த இடம் வேறாயினும், கதைக்கு ஏற்ற இடம் அதனைத் தன்பால் ஈர்த்துக்கொள்கின்றது.

தூணின் முன்னை வரலாறு

இவையனைத்தினும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. பிரான்சினாவின் பெயரைத் தாங்கிய தூண் எங்கிருந்து வந்தது? அது ஒல்லாந்தர் செதுக்கிய தூணன்று; கோணமாமலையில் விளங்கிய பழைய சிவாலயத்தின் தூண் என்றே கருதப்படுகின்றது.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தராற் பாடப்பெற்ற திருத்தலம் கோணேசர் கோயில். மலையின் அடியிலும் இடையிலும் உச்சியிலுமாக மூன்று கோயில்கள் அங்கு இருந்தன எனப் போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் குறிப்பிடுகின்றார். போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா அவற்றை இடித்து, அக்கற்களைக் கொண்டே 1624 அளவிற் கோட்டையைக் கட்டினான். சித்திரைப் புத்தாண்டு நாளில் மூர்த்தி நகருள் உலாச் சென்றிருந்த வேளையில், அந்தணர் வேடத்திற் படைவீரர் கோயிலுட் புகுந்தனர் என்பது வழிவழிச் செய்தி. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னர் பறங்கியர் அழிப்பர் என்று முன்னறிவிப்பதாக விளங்கும் தமிழ்க் கல்வெட்டின் ஒரு பகுதி, இணைக்கயல் பொறித்த கல்லோடு, கோட்டை வாயிலிற் கட்டடக் கல்லாகப் பதிக்கப்பட்டுள்ளது. அழிவை உரைத்த கல்லையே அழித்தவர் தம் வாயிலுக்குப் பயன்படுத்தினர்.

இங்கே காலப் பொருத்தம் ஒன்று கருதத்தக்கது. இக்கோயிலின் அழிவைப் பதிவுசெய்த குவேறோஸ் பாதிரியார் இலங்கை பற்றிய தமது பெருநூலைக் கோவாவில் எழுதி முடித்த ஆண்டு 1687. அதே ஆண்டிலேதான் அழிந்த கோயிலின் எஞ்சிய தூண் ஒன்றில் ஒல்லாந்தப் பெண்ணின் பெயர் பொறிக்கப்பட்டது. ஒருபுறம் அழிவு ஏட்டில் ஏறியது. மறுபுறம் அழிவின் எச்சம் வேறொரு நினைவுக்குக் கருவியாயிற்று. ஏடோ நெடுங்காலம் அச்சேறாது கிடந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1930இலேயே வெளிவந்தது. கல்லின் கதை அதற்கு முன்னரே ஊரெங்கும் பரந்துவிட்டது.

கோயில் இல்லாத காலத்திலும் வழிபாடு ஓய்ந்துவிடவில்லை. பாறை விளிம்பில் அர்ச்சகர் நின்று, பூவும் பழமும் கடலில் இட்டுத் தீபங் காட்டியதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய நூல்கள் விவரிக்கின்றன. பிரான்சினா பாய்ந்தாள் எனப்பட்ட அதே கடலுக்கு, மறைந்த கோயிலை எண்ணி மக்கள் மலர் தூவினர். முன்னதைக் கேட்டு மனமுருகிய பிரயாணிகளுக்குப் பின்னது ஒரு விநோதக் காட்சியாகவே பட்டது. 1950இல் நிலத்தை அகழ்ந்தபோது, புதைந்து கிடந்த திருவுருவங்கள் சில வெளிப்பட்டன. அப்பத்தாண்டிலேயே சுழியோடி மைக் வில்சன் கடலடியிற் கோயிலின் இடிபாடுகளைக் கண்டார். சிவலிங்கம் ஒன்றும் மீட்கப்பட்டது. அவருடன் பணியாற்றிய ஆதர் சி. கிளார்க் 1957இல் வெளியிட்ட நூலில் அக்கடலடிக் காட்சிகளை எழுதினார். 1963இல் மீளக் கட்டப்பட்ட கோயிலிற் குடமுழுக்கு நிகழ்ந்தது. ஆவி உறைவதாக எண்ணப்பட்ட கடல் உண்மையில் மறைத்து வைத்திருந்தவை கோயிற் கற்களே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கோணமாமலைத் தூணில் மூன்று படைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளமை புலனாகும். அடியில் இருப்பது கோயில். அதன்மேல் ஒல்லாந்த அதிகாரக் குடும்பத்தின் பெயர். அதற்கும் மேலே இறவாத ஒருத்தியின் இறப்புக் கதை. மேலேயுள்ள படையே கண்ணுக்கு முதலிற் படுவது. அதுவே மக்கள் நாவிலும் நின்றது. ஒருத்தியின் துயரம் எளிதிற் கதையாகும். ஒரு கோயிலின் அழிவும் அதனைச் சூழ்ந்து வாழ்ந்த பெயரறியாப் பலரின் இழப்பும் அவ்வளவு எளிதிற் கதையாவதில்லை.

ஆவிக் கதைகளை மூடநம்பிக்கை என இகழ்ந்து தள்ளுவதால் வரலாற்றுக்கு நன்மை இல்லை. அவற்றை அப்படியே ஏற்பதாலும் நன்மை இல்லை. எந்த ஆவி பேசுகின்றது என்பதோடு, எந்த ஆவி பேசாதிருக்கின்றது என்றும் கேட்பதே ஆராய்ச்சியாளர் கடன். நம் ஊர்களில் உள்ள கோட்டைகள், மடங்கள், பழைய கேணிகள், கைவிடப்பட்ட வளவுகள் பற்றிய கதைகளை, அவற்றை அறிந்த முதியோர் இருக்கும்போதே தொகுத்து, கல்வெட்டோடும் ஏட்டோடும் ஒப்புநோக்குதல் வேண்டும். பிரான்சினா தன் வாழ்நாளை முடித்தது இந்தப் பாறையில் அன்று. இப்பாறையில் முடிந்துபோனவை வேறு. அவற்றை நினைவுகூர்வதற்கென எவரும் இங்கே தூண் நாட்டவில்லை. இருந்த தூணிலும் வேறு பெயரே எழுதப்பட்டது.