அட்வான்ஸ் வாங்கிட்டு வேலையைத் தொடங்காத கான்ட்ராக்டர்... பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி?

மாடியில் ஒரு ரூம் எடுக்க 3 லட்சம் ரூபாய் அட்வான்ஸ். "ஆடி முடியட்டும் சார், ஆவணியில பூஜை போட்டுடலாம்" என்கிறார் கான்ட்ராக்டர். ஆவணி வருகிறது, மணல் வரவில்லை. ஐப்பசியில் மழை. பொங்கலுக்கு ஆட்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். அதன்பிறகு போன் ரிங் போகிறது, எடுக்கத்தான் ஆளில்லை.

வீட்டு வேலைக்கு அட்வான்ஸ் கொடுத்த பலருக்கும் பழகிய கதை இது. இப்படி மாட்டிக்கொண்டவர்கள் முதலில் ஓடுவது போலீஸ் ஸ்டேஷனுக்கு. ஆனால் கொடுத்த பணம் கைக்கு வர வேண்டுமென்றால், செலவு குறைந்த நேர் வழி நுகர்வோர் ஆணையம்தான்.

போலீஸில் ஏன் 'சிவில் மேட்டர்' என்கிறார்கள்?

தட்டிக்கழிப்பது போலத் தெரிந்தாலும் இதில் சட்டமும் இருக்கிறது. பழைய 420, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு. இந்த மோசடிக் குற்றம் நிற்க வேண்டுமென்றால், பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தை மீறினார் என்பது மட்டுமே மோசடி ஆகிவிடாது என்று ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் 2000-ம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதற்காக ஸ்டேஷன் பக்கமே போகக் கூடாது என்றில்லை. ஒரே நேரத்தில் நாலைந்து பேரிடம் இதேபோல வாங்கியிருக்கிறார், கொடுத்த முகவரி பொய், காட்டிய வீடுகள் அவர் கட்டியவையே இல்லை என்றால் கதை வேறு. பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து புகார் கொடுக்கலாம். புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அக்ரிமென்ட் போடவே இல்லையே?

பயப்பட வேண்டாம். வாய்வழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான், நிரூபிப்பதுதான் சிரமம். ஜிபே, வங்கி ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப்பில் அனுப்பிய எஸ்டிமேட், "அடுத்த வாரம் வந்துடுறேன்" என்ற வாய்ஸ் மெசேஜ் எல்லாமே ஆதாரம். சாட் எதையும் டெலிட் செய்யக் கூடாது, போனையும் மாற்றாமல் இருப்பது நல்லது. டிஜிட்டல் ஆதாரத்தைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷிய அதிநியமின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும்.

கையில் ரொக்கமாகக் கொடுத்து ரசீதும் வாங்கவில்லையா? சண்டை முற்றுவதற்கு முன்பே, "மார்ச்சில் கொடுத்த 3 லட்சத்துக்கு வேலை எப்போ தொடங்குறீங்க?" என்று தொகையைக் குறிப்பிட்டு ஒரு மெசேஜ் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். "இந்த மாசம் கடைசியில சார்" என்று பதில் வந்தால், பணம் வாங்கியதை அவரே ஒப்புக்கொண்ட மாதிரி.

குழி மட்டும் தோண்டிப் போட்டுவிட்டுப் போனவர் என்றால், வேறு ஆளை வைத்து வேலையைத் தொடங்கும் முன் போட்டோ, வீடியோ எடுத்து, ஒரு இன்ஜினியரிடம் மதிப்பீடும் எழுதி வாங்கிவிட வேண்டும். புது கட்டுமானம் எழும்பிவிட்டால் பழையவர் எவ்வளவு செய்தார் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது நோட்டீஸ். இத்தனை நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று தேதி குறிப்பிட்டு, ஒப்புகை கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்ப வேண்டும். விசிட்டிங் கார்டில் போன் நம்பர் மட்டும்தான் இருக்கிறதா? அவர் கொடுத்த பில்லில் ஜிஎஸ்டி எண் இருந்தால், ஜிஎஸ்டி இணையதளத்தில் தேடினால் பதிவு செய்த பெயரும் முகவரியும் தெரிந்துவிடும்.

நுகர்வோர் ஆணையத்தில் என்ன லாபம்?

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவை' என்பதில் வீடு கட்டித் தருவதும் அடங்கும். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை மனுக் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. கான்ட்ராக்டர் வேறு ஊர்க்காரராக இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்து பார்க்கலாம், சிலர் அதிலேயே இறங்கி வருவார்கள்.

பணத்தோடு வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றையும் கேட்கலாம். 3 முதல் 5 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கும். கடை, குடோன் போன்ற வணிக வேலை என்றால் பெரும்பாலும் இந்த வழி கிடைக்காது. பிழைப்புக்காகச் சொந்தமாக நடத்தும் சிறு தொழிலுக்கு மட்டும் விலக்கு உண்டு.

முக்கியமான விஷயம், காலக்கெடு 2 ஆண்டுகள். வேலை தொடங்குவதாகச் சொன்ன தேதி தாண்டியதுமே இந்தக் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. ஆடி, ஆவணி, பொங்கல் என்று காத்திருப்பதில் கரைவது இந்த நாட்கள்தான்.

2 ஆண்டு தாண்டிவிட்டால், தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டி ஆணையத்திடம் கேட்கலாம். அல்லது சிவில் கோர்ட், அங்கே 3 ஆண்டுகள். தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் தொகையில் 3 சதவீதம், 3 லட்சத்துக்கு 9,000 ரூபாய். வழக்குக்கு முன் சமரசம் பேச மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், உதவி எண் 15100. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு.

செக் கொடுத்தால்?

நெருக்கினதும் சிலர் ஒரு செக் நீட்டுவார்கள். வாங்கிக்கொள்ளலாம், ஆனால் 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். பவுன்ஸ் ஆனால் வங்கி தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வரவில்லையென்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் 138-வது பிரிவில் வழக்கு. சிவில் மேட்டராக இருந்தது அந்த இடத்தில் கிரிமினல் வழக்காகிவிடும்.

தீர்ப்பு வந்தும் தரவில்லை என்றால்?

ஆணையத்திலேயே நிறைவேற்று மனு போட வேண்டும். 71-வது பிரிவுப்படி சிவில் கோர்ட் டிக்ரி போலவே சொத்தை ஜப்தி செய்ய முடியும். 72-வது பிரிவில் ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும்.